கந்தோருக்குப் போகும் வழி

2022 ஜூனில், எரிபொருட் பஞ்சத்தினால், அரசாங்க ஊழியர் பலர் இரு வாரங்கள் வீட்டிலிருந்தே கடமையாற்றுமாறு பணிக்கப்பட்டனர். பெற்றோல் மிச்சம், அவர்தம் அலைச்சலும் மிச்சம். நாம் அதனைக் குறைகூறோம்.

ஆயின், எவருடைய அலைச்சல்? ஹந்தானையிலும் தெல்தோட்டையிலும் கொழுந்து பறிப்பவளுக்கு வீட்டிலிருந்து வேலை ஏது? ஒரு கையொப்பத்துக்காக அவள் கண்டிக்கு இறங்கினால் அன்றைக்குப் ‘பேர்’ இல்லை. நாட்சம்பளம் போயிற்று. ‘நாளை வா’ என்றால் மறுநாட் பேரும் போயிற்று. இந்த நட்டம் எந்தக் கந்தோரின் கணக்கிலும் ஏறுவதில்லை.

கோப்பு உத்தியோகத்தரின் வீட்டுக்குப் போகலாமெனில், பத்திரம் லயத்துக்கு வரலாகாதா? கைத்தொலைபேசி மட்டும் போதாது. வாரத்தில் ஒரு நாளேனும் உத்தியோகத்தர் தோட்டத்துப் பாடசாலையில் மேசை போட்டு அமரட்டும், தமிழ்ப் படிவங்களோடு.