தாயைப் போகவிடு



இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. வழியில் பறவைக்கூட்டைக் கண்டால் முட்டையையோ குஞ்சையோ எடுத்துக்கொள்ளலாம். தாயையும் சேர்த்துப் பிடிக்காதே, போகவிடு. அப்போது நலமாயிருப்பாய், நெடுநாள் வாழ்வாய் என்கிறார் ஆண்டவர். தாய் தந்தையை மதிக்கும் கட்டளைக்குத் தந்த அதே வாக்குறுதியை ஒரு பறவைக்காகவும் தருகிறார்!

பசிக்கிறவனிடம் எடுக்காதே என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். அதுவும் தனியாக வழிநடக்கிறவனிடம், பார்க்க யாருமில்லாத இடத்தில்.

கடலும் அப்படிப்பட்ட இடம்தான். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். துணியையும் மீறிப் பாறை விரலைக் கிழிக்கும். அந்தக் காயத்தோடு மறுபடி உப்புத்தண்ணீரில் முங்க வேண்டும். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாயின. தாயும் பாட்டியும் முங்கிய இடம் தடைசெய்த இடமாயிற்று.

கோபப்பட அவர்களுக்கு நியாயம் இருந்தது. ஆனாலும் கூடி உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இரும்பால் சுரண்டக் கூடாது. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்பது. அப்போதிருந்த 45 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு. அவர்களை வழிநடத்திய லட்சுமி மூர்த்தி அம்மாவுக்கு 2015இல் சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது. எனக்கு விருதைவிட அந்த 12 நாள் பெரிது. அன்றாடக் கூலியில் பிழைக்கிறவர்கள் மீதி நாளை மனமறிந்து விட்டுக்கொடுத்தார்கள். அதை நான் நோன்பு என்றே சொல்வேன்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. அதை மதிக்கிறோம். ஆனால் தடை முடிந்த மறுநாள்? கடல்தரையை வாரி வரும் வலைமடியில் இறாலோடு விரல்நீளக் குஞ்சும் ஏறுகிறது. கருவாட்டுக்கும் ஆகாமல் கழிசலாகக் கோழித்தீவனத்துக்குப் போகிறது. கடன் இருக்கிறது, டீசல் விலை இருக்கிறது, தெரியும். ஆனாலும் தாயையும் குஞ்சையும் சேர்த்தே வாரிவிட்டால் அந்தக் கடனை எதைக் கொண்டு அடைப்போம்?

எங்கோ எழுதிய சட்டத்தை ரோந்துப்படகு திரும்பியதும் மீறத் தோன்றும். நம் வாயால் சொல்லி, பக்கத்துப் படகுக்காரரின் முகம் பார்த்து ஒப்புக்கொண்டதை மீறுவது அத்தனை எளிதல்ல. அந்தப் பெண்களின் கட்டுப்பாட்டுக்குப் பலம் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் நம் கரையில் ஊர்க்கூட்டம் கூடினால் பேசுவது ஆண்கள் மட்டும். அது எனக்கு வருத்தம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஊர்க்கூட்டம். கரையோரம் எந்த இடத்தில், எந்த மாதம் வலை போடாமல் விடுவது என்று பேசப்போகிறோம். அம்மாமார் சுவரோரம் நிற்க வேண்டாம், முன்வரிசையில் உட்காருங்கள். பாசி எங்கே மெலிந்துபோனது, சினைநண்டு எங்கே ஏறுகிறது என்பதை முதலில் நீங்கள் சொல்லுங்கள். அதன்பின் படகுக்காரர்கள் பேசட்டும்.