கொடாததைக் கொள்ளலாமோ?

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையே எளிதென நாம் எண்ணிவிடுகிறோம். பூட்டை உடைப்பவன் மட்டுமே கள்வன் என்பது நம் நினைப்பு. நம் ஆசாரியர்களோ, உரியவர் மனமுவந்து அளிக்காத எதனை எடுத்தாலும் அது களவே என்றனர். அவ்வாறாயின், கொடுக்கவோ மறுக்கவோ இயலாது நினைவிழந்து கிடப்பவரின் பொருளை அவர்தம் மனைவி மக்கள் எடுத்துச் செலவிடுதல் யாது?

சோழவரத்தை ஒட்டிய கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் ஓயாது விரைகின்றன. தலையில் அடிபட்டு நினைவு திரும்பாத ஒருவர் உள்ள இல்லத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. மருத்துவச் செலவு நாளும் ஏறுகிறது. வங்கியோ அவர் கையொப்பத்தைக் கேட்கிறது. அந்நிலையில் அவர் பெருவிரலில் மை தடவிப் பத்திரத்தில் ஒற்றுவாரும் உளர். களவோடு பொய்யும் சேர்ந்த செயல் அது; வைத்தியத்துக்கே என்றாலும் தூய்மையாகாது.

நேரிய வழி நீதிமன்றமே. ஆயினும் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் சிறாருக்கே உரியது. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடுடையோரைக் காக்கும்; கோமாவில் கிடப்போரைச் சொல்லவில்லை. ஆதலின் உயர் நீதிமன்றங்களே பெற்றோர் நிலையில் நின்று வழி வகுத்தன. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் மருத்துவக் குழுவின் சான்று, வருவாய்த் துறை விசாரணை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு என நெறி அமைத்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை ஒரு மனைவி அணுகினார். உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லுமாறு தனி நீதிபதி கூறிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே காப்பாளராக்கிச் சொத்தை விற்கவும் இசைந்தது. ஆனால் 50 இலட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத் தொகையாக இட்டு, வட்டியையே பெறவேண்டும் என்றது.

கட்டிய மனைவியிடமே கணக்கா எனச் சிலர் மனம் நோவர். நோவதற்கு இதில் ஒன்றுமில்லை. கேட்க வாயற்றவர் சார்பில் மற்றொருவர் கேட்கிறார், அவ்வளவே. அவர் உணவுக்கும் மருந்துக்கும் செல்வது அவருடையது அவருக்கே செல்வதாகும். அதற்கு அப்பால் எடுப்பதே கொடாததைக் கொள்ளுதல்.

நம்மவரிடையே மற்றொன்றும் உண்டு. அவர் பெயரால் புண்ணியம் சேரட்டுமென்று, அவர் பணத்திலேயே ஆலயத்துக்குத் தானம் அளிக்க விழைவர். தானமாவது கொடுப்பவரின் உள்ளத்தில் பிறப்பது. இங்கே அவ்வுள்ளம் உறங்குகிறது. அத்தகைய தொகை வருமாயின் ஆலய நிர்வாகிகள் பணிவுடன் திருப்பி அனுப்புதல் வேண்டும். தந்தை பெயரால் விளக்கேற்ற விரும்பும் மகன் தன் ஊதியத்தில் எண்ணெய் வாங்கி வரட்டும்.