தலாக்கிற்குப் பின் வீடு யாருக்கு?



பெரம்பலூர், அரியலூர் பகுதியில் பள்ளிவாசல் ஜமாஅத்தின் முன் வரும் தலாக் வழக்குகளில் மஹரைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். இத்தாச் செலவும் ஒருவாறு தீர்ந்துவிடும். சபையைக் கலையவிடாமல் பிடித்து வைப்பது வீடுதான்.

லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் எழும்பியுள்ள மாடி வீடுகளில் பல, அரபு நாட்டு வெயிலில் சம்பாதித்த பணத்தால் ஆனவை. மனை மாமனார் பெயரில் இருக்கும். பணம் கணவன் அனுப்பியது. கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்கியவள் மனைவி. தளம் போடும்போது பணம் பற்றாமற் போனால் அவளுடைய நகை அடகுக்குப் போயிருக்கும், திரும்பி வந்திராது. இப்போது இரண்டு பிள்ளைகளுடன் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "பத்திரத்தைப் பாருங்கள்" என்கிறார்கள்.

பத்திரத்தைப் பார்ப்போம், அதற்குமுன் குர்ஆனைப் பார்ப்போம். தலாக் சொல்லப்பட்ட பெண்களை இத்தாக் காலத்தில் வெளியேற்றக் கூடாது என்று கட்டளையிடும் ஸூரத்துத் தலாக்கின் முதல் வசனம், பகிரங்கமான மானக்கேடு ஒன்றையே விலக்காகச் சொல்கிறது. அங்கே அல்லாஹுத்தஆலா அவற்றைக் கணவர்களின் வீடுகள் என்று சொல்லவில்லை. அப்பெண்களுடைய வீடுகள் என்றே சொல்கிறான். பத்திரத்தில் இல்லாத பெயர் குர்ஆனில் இருக்கிறது!

அதற்காக, தலாக்கின்போது கணவன் சொத்தில் மனைவிக்குப் பாதி என்று ஷரீஅத் பங்கு வைத்திருப்பதாக நான் சொல்லமாட்டேன். அவன் பொருள் அவனுக்கு, அவள் பொருள் அவளுக்கு. ஆனால் இதே சட்டம்தான் நகை விஷயத்தில் கணவன் வீட்டாரைக் கட்டிப்போடுகிறது. அவள் மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுக்காத நகை, அந்தச் சுவரில் கடனாகவே இருக்கிறது. கடனாக வாங்கியது எட்டுப் பவுன் என்றால் எட்டுப் பவுனாகவே திரும்ப வேண்டும். அன்றைய விலையை ரூபாயில் காட்டித் தப்ப முடியாது.

பிள்ளைகள் விஷயம் இதைவிடக் கனமானது. உமர் (ரலி) அவர்கள் தம் மனைவியைத் தலாக் கொடுத்த பிறகு, ஒருநாள் குபாப் பள்ளிவாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகன் ஆஸிமைக் கண்டு தூக்கி வாகனத்தில் வைத்துக்கொண்டார்கள். பாட்டி பின்னாலேயே வந்து வழக்காடினார். கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் பிள்ளையை அப்பெண்மணியிடமே விடச் சொன்னார்கள். உமர் (ரலி) மறுவார்த்தை பேசவில்லை. பிள்ளை தாய்ப்பக்கம் வளர்ந்தாலும் செலவு தகப்பனுடையதே. சோறும் துணியும் மட்டும் செலவல்ல. தலைக்குமேல் கூரையும் செலவுதான்.

இந்தூரைச் சேர்ந்த ஷா பானு அம்மையார் 1932-ல் மணமுடித்து, ஐந்து பிள்ளைகளைப் பெற்று, 1975-ல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். தலாக் 1978-ல் வந்தது. 1985-ல் வந்த சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பைக் கண்டித்து நம்மவர்கள் மேடை மேடையாகப் பேசினோம். 43 வருடம் வாழ்ந்த வீட்டிலிருந்து அவரை அனுப்பியதைக் கண்டித்தவர்கள் எத்தனை பேர்? பின்பு 1986-ல் வந்த சட்டம், திருமணத்தின் முன்னும் பின்னும் அவளுக்குக் கிடைத்த பொருள்கள் அவளுடையவை என்கிறது. 2001-ல் டேனியல் லத்தீபி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, அவளுடைய வருங்காலத்துக்கான ஏற்பாட்டை இத்தாவுக்குள்ளேயே செய்துவிட வேண்டும், அதில் தங்குமிடமும் அடங்கலாம் என்று விளக்கியது.

இத்தா முடிந்தபின் இருவரும் ஒரே வாசலில் புழங்குவது ஆகாது, உண்மைதான். ஆனால் கணவன் துபாயில் இருக்க, மேல்மாடி பூட்டிக் கிடக்கிறதே! வெளியே தனிப் படி வைத்து, கடைசிப் பிள்ளை வளரும்வரை அதன் சாவியைத் தாயிடம் கொடுக்கலாம். அல்லது வேறிடத்தில் வாடகையைத் தகப்பன் கட்டலாம். எதுவானாலும் எத்தனை வருடம், கரண்டுக் கட்டணம் யார் பொறுப்பு, நகை எத்தனை பவுன் என்று எழுதிச் சாட்சிகளோடு கையெழுத்து வாங்குங்கள். மனை மாமனார் பெயரில் இருந்தால் அவரையும் சபைக்கு அழையுங்கள். அவர் கையெழுத்தில்லாத பைசல் மறுமாதமே சபைக்குத் திரும்பி வரும்.