பூம்பாத்தியும் பூனையும்

கொலை தீது, களவு தீது என்று மேடைமீது நின்று முழங்குதல் எளிது. அதனை மறுப்பார் எவருமிலர். ஆனால் ஒருவனுடைய சீலத்தை அளக்கும் கோல் அத்தகைய பெரும் பொருள்களில் இல்லை. வீட்டுக் கொல்லையிலும் வாயிற்புறத்திலும் நாள்தோறும் நேரும் சிறு தொல்லைகளிலேயே அஃது இருக்கின்றது. அத்தகைய தொல்லை ஒன்றை ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டோம்.

பெங்களூரில் நாம் அறவுரை நிகழ்த்தும் சிறு விகாரையின் முன்புறத்தே இரண்டு பூம்பாத்திகள் உள. செவ்வந்தியும் காசித்தும்பையும் அங்கே வளர்கின்றன. முதிய உபாசிகை ஒருவர் அவற்றைப் பேணி வருகின்றார். ஒருநாட் காலை, நாற்று நடுவதற்காக அவ்வம்மையார் மண்ணுள் கைவைத்தபோது பூனையின் மலம் கையில் அப்பியது. முந்தின நாள் நட்ட நாற்றுகளும் வேரொடு பெயர்ந்து கிடந்தன. அது முதன்முறையன்று, மூன்று திங்களாக நடந்து வருவது. அவர் நம்மை நோக்கி, "ஐயா, புத்தருக்கு வைக்கிற பூவிலே இப்படிச் செய்கிறதே! இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். கொல்லக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள்" என்றார்.

அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. 'செய்யாதே' என்று கூறி அகல்வது போதகர்களாகிய நமக்குப் பழகிப்போன தொழில். செய்யத்தக்கது யாது என்று கூறாவிடில் அவ்வுரையால் பயன் என்ன?

அன்று அங்கிருந்தோர் மூன்று வழிகளை எடுத்துரைத்தனர். மீன்தலையில் எலி நஞ்சு வைக்கலாம் என்றார் ஒருவர். சாக்கில் கட்டித் தொலைவில் விட்டுவிடலாம் என்றார் மற்றொருவர். பாச்சை உருண்டையை இறைத்துப் பினாயிலைத் தெளித்தால் பூனை தானே ஓடிவிடும் என்றார் மூன்றாமவர். இவற்றை முறையே ஆராய்வோம்.

நஞ்சிடுதல் கொலையே. உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் இறப்பு என ஐந்து உறுப்புகளைக் கொலைக்கு உரியனவாகப் பௌத்த உரையாசிரியர் வகுத்தனர். நஞ்சு வைத்த மீன்தலையில் இவ்வைந்தும் அடங்கிக் கிடக்கின்றன. வைத்தவன் வீட்டினுள் உறங்கினான் என்பது மன்னிப்பாகாது. அன்றியும் அந்த மீன்தலை பூனைக்கென்றே காத்திராது. நாயும் காகமும் தின்னும். தவழும் குழந்தையும் எடுக்கும்.

சாக்கில் கட்டி விடுதல் கொலையன்று எனப் பலர் ஆறுதல் கொள்வர். பூனை தன் எல்லையை அறிந்து வாழும் பிராணி. எங்கே நீர், எங்கே இரை, எங்கே ஒதுங்க நிழல் என்று கற்று வைத்த இடத்தினின்று பெயர்த்து அறியாத இடத்தே விட்டால், அங்குள்ள பூனைகளும் நாய்களும் அதனைத் துரத்தும். அது பாலூட்டும் தாயாயின் குட்டிகள் இங்கே பசியால் மடியும். நம் கண்முன் நேராத துன்பம் நம்மால் நேராத துன்பம் ஆகாது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் தீங்கு பயக்கும் பொருளைப் பிராணிக்கு வேண்டுமென்றே ஊட்டுதலையும், பட்டினியால் துன்புற நேரும் நிலையில் தக்க காரணமின்றிக் கைவிடுதலையும் குற்றமென்றே கூறுகின்றது.

மூன்றாம் வழி மென்மையுடையது போலத் தோன்றும். ஆனால் பாச்சை உருண்டை பூனைக்கு நஞ்சு. பினாயில் போன்ற திராவகங்களும் அவ்வாறே. பூனை தன் பாதத்தை நக்கித் தூய்மை செய்யும் இயல்புடையது. நாம் மண்ணில் தெளித்தது அதன் வயிற்றுள் செல்லும். பிற பிராணிகள் ஓரளவு தாங்கும் இத்தகைய பொருள்களைப் பூனையின் ஈரல் எளிதிற் கழிக்கமாட்டாது.

இனி, பூனை ஏன் பாத்தியை நாடுகின்றது? வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனைகள். களஞ்சியத்துத் தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. மனிதன் அதனை ஏற்றுக்கொண்டான். சைப்பிரசுத் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனைப் புதைத்த குழியின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அந்நாள் தொட்டு நம்மோடு வாழும் பூனை, தளர்ந்து உலர்ந்த மண்ணைத் தோண்டி மலங்கழித்து மூடும் பழக்கத்தை விட்டிலது. நாமோ தெருவெல்லாம் சிமெண்டு இட்டு மூடினோம். எஞ்சிய மண்ணைக் கொத்திப் பதப்படுத்திப் பாத்தி என்று பெயரிட்டோம். பூனைக்கு அது நாமே அமைத்துக் கொடுத்த கழிப்பிடமாகத் தோன்றுதலில் வியப்பென்ன?

எனினும், தீங்கே இல்லை என்று நாம் கூற வரவில்லை. பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் கண்ணுக்குப் புலனாகாத ஒட்டுண்ணி இருத்தல் கூடும். அது மண்ணில் பல திங்கள் உயிர்த்திருக்கும்; கருவுற்ற தாயின் வயிற்றுக் குழந்தையைத் தாக்க வல்லது. எல்லாப் பூனைகளும் எப்போதும் இதனை உமிழ்வதில்லை; நோயுற்ற பூனையும் சில வாரங்களே உமிழும். ஆயினும் கையுறையின்றி மண்ணைத் தொடலாகாது; தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும்; கருவுற்றோர் இப்பணியினின்று விலகியிருத்தல் நன்று. அழுக்கு அழுக்கே, கழுவினால் நீங்கும். ஆனால் அழுக்கைக் கண்டு ஓர் உயிரையே இழிபிறப்பு என்று வெறுத்தல் வேறொரு நோய். அதனால் விளையும் கேட்டை நம்மவர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்தே நம் வாழ்க்கையில் நேர்ந்த ஒன்றைக் கூறுதல் கடமையாகின்றது. நாம் இளமையில் ஒரு பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் உழைத்தோம். கழிப்பிடம் செல்ல விரும்புவோர் மேஸ்திரியின் மேசையிலிருந்து பித்தளை வில்லை பெற்றுச் செல்லவேண்டும். அத்தனை பேருக்கும் இரண்டே வில்லைகள். நீரிழிவு நோயுற்ற முதியவர் ஒருவர் எம்மோடு வேலை செய்தார். ஒருநாள் வில்லை கிட்டாமல், அடக்கவும் இயலாமல், பஞ்சுப்பொதிக் கிடங்கின் மறைவில் சிறுநீர் கழித்துவிட்டார். காவலாளி கண்டு பிடித்தான். ஒருநாட் கூலியைப் பிடித்தார்கள். அனைவரும் காண அவரையே கழுவச் செய்தார்கள். 'இங்கே அசுத்தம் செய்யாதே' என்று எழுதிய பலகையும் சுவரில் ஏறிற்று. 'பின் எங்கே செல்வது?' என்று கேட்பார் ஒருவருமிலர். அன்று சுற்றி நின்று சிரித்தவருள் நாமும் ஒருவர். அவர் தலைகுனிந்து துடைப்பம் பிடித்த காட்சி இன்றும் நம் உறக்கத்தைக் கலைப்பதுண்டு.

விநயத்தில் பிக்குகளுக்கு விதித்த சேகிய விதிகள் 75. பசும்பயிர்மேல் மலசலம் கழித்தலும் உமிழ்தலும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அவ்விதியிலேயே நோயுற்றோர்க்கு விலக்கு உண்டு. அதே விநயம் பிக்குகளுக்குக் கழிப்பறை அமைக்க இசைவு தந்து, அதனைத் தூய்மையாக வைக்கும் முறையையும் வகுத்தது. தடை ஒருபுறம், இடம் ஒருபுறம். இரண்டும் சேர்ந்தால்தான் அது அறம். இடம் காட்டாமல் தடை மட்டும் விதித்தல் கொடுமை. ஆலைக்கும் இது பொருந்தும், பாத்திக்கும் பொருந்தும்.

ஆதலின் அந்த உபாசிகையாருடன் நாமும் மண்வெட்டி ஏந்தினோம். மதிலோரம், ஆள் நடமாட்டமற்ற மூலையில், மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் ஓரடி ஆழமுமாகக் குழி தோண்டி மணல் நிரப்பினோம். பாத்தியிற் கிடந்த மலத்தில் சிறிதளவை அதில் இட்டோம். மோப்பத்தால் இடமறியும் பிராணியன்றோ! பாத்தியிலோ கோழிவலைக் கம்பியைப் பரப்பி, விளிம்புகளை மண்ணுள் மடக்கி, மேலே மெல்லிய மண் தூவி, கண்களினூடே நாற்றுகளை நட்டோம். இடைவெளிகளில் கூழாங்கற்களை இட்டோம். மாலைதோறும் நீர் தெளித்து மண்ணை ஈரமாக வைத்தோம். செடி அடர்ந்து மண் மறைந்த பின்னர்ப் பூனைக்கு அங்கே தோண்ட இடமில்லை. மணற்குழியை நாள்தோறும் காலையில் கையுறையுடன் தூய்மை செய்கின்றோம்; குழந்தைகளை அங்கே விளையாட விடுவதில்லை. எடுத்ததைக் கிணற்றுக்கும் கீரைப்பாத்திக்கும் எட்டாத் தொலைவில் ஆழப் புதைக்கின்றோம், எருவாக இடுவதில்லை.

தொல்லை முற்றும் தீர்ந்தது என்று கூறோம். சாம்பல்நிறக் கடுவன் ஒன்று இன்னும் இடையிடையே வந்து பார்க்கின்றது. ஆயினும் செவ்வந்தி பூத்தது. அம்மையாரின் சினமும் தணிந்தது.

அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் அப்பூனைகளுக்கு நாள்தோறும் மீனும் சோறும் இடுகின்றார். அவரிடமும் சென்று பேசினோம். "சோறு போடுவது புண்ணியம், மற்றதெல்லாம் என் பொறுப்பா?" என்றார். உண்ணக் கொடுத்தவன் கழிக்கவும் இடம் கொடுக்கவேண்டும். ஈன்று பெருகித் தெருவிற் சாகாதவாறு கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று கருத்தடை செய்விக்கவும் வேண்டும் என்று எடுத்துரைத்தோம். புண்ணியத்தைத் தான் கொண்டு அழுக்கைப் பிறன் கையில் விடுதல் தானமாகாது. அவர் இன்னும் முற்றும் இசைந்திலர்; நாமும் செல்வதை நிறுத்தவில்லை.

"மனிதர்க்கே இடமில்லாத நாட்டில் பூனைக்கு இடம் தோண்டுவதா?" என்று இளைஞர் ஒருவர் நம்மை வினவினார். நேர்மையான வினா. அதற்கு நம் விடை இது: பூனைக்கு மணற்குழி தோண்டிய வீட்டார், தம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் தம் கழிப்பறையைப் பயன்படுத்தலாகாது என்பாராயின், அவர் தோண்டிய குழி அறமன்று, பொழுதுபோக்கே. ஆனால் பூனையைக் கண்டு 'இது எங்கே போகும்?' என்று ஒருமுறை உண்மையாகக் கேட்டவன், வாயிலில் நிற்கும் அப்பெண்ணையும், நாள் முழுதும் தெருவோரம் காய்கறி விற்பவளையும், சாக்கடை வாருபவனையும் கண்டு அதே வினாவைக் கேளாதிருக்க இயலாது. வினா ஒன்றே, கேட்கத் தொடங்கும் இடம் எதுவாயினும் ஆகுக.

அன்பர்களே! கொல்லாமை என்பது கையைக் கட்டிக்கொண்டிருத்தல் அன்று. கையில் மண்வெட்டி எடுத்தல். கதவொன்றை அடைக்க நேரின், மற்றொரு கதவைத் திறந்தபின் அடையுங்கள். அந்த முதியவர் துடைப்பம் பிடித்து நின்ற நாளில் நாம் கேளாத வினாவை ஒரு பூனை நமக்குக் கற்பித்தது. காலம் கடந்து கற்றோம்; நீங்கள் காலத்தே கற்பீராக.