நடுவிருக்கை

குடும்பத்தோடு சுற்றுலா போய் வந்த ஆணிடம் "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். அவன் மனைவியிடம் "பிள்ளைகளுக்குக் குளிர் ஒத்துக்கொண்டதா? மாமியாருக்கு முட்டிவலி எப்படி?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான், அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியின்படி வீடுதான் ஐந்து நாள் வேறு ஊரில் இருந்திருக்கிறது. அவள் அதற்குக் காவல்.

தில்லியிலிருந்து இமாச்சலத்தில் உள்ள மணிகரண் வெந்நீர் ஊற்றுகளுக்கு நாங்கள் ஐந்து பேரும் காரில் போனோம். கணவர் ஓட்டினார். கால் நீளம் என்பதால் பதினேழு வயது மகனுக்கு முன்னிருக்கை. பின்னால் இரண்டு ஜன்னலோரமும் மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்களுக்கு, அதாவது அத்தைக்கும் மகளுக்கும். நடுவில் நான், மடியில் புளிசாதத் தூக்கோடு. மண்டியைத் தாண்டியதும் பியாஸ் நதி பாதையை ஒட்டியே வருகிறது. ஔட் அருகே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை. பூந்தரில் பார்வதி நதி பியாஸோடு சேர்கிறது. அங்கிருந்து பார்வதியின் கரையிலேயே மேலே போக வேண்டும். தேவதாருக் காடும் பச்சை நீரும் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பள்ளத்தாக்கின் பாதி வழியை நான் இரண்டு தலைகளுக்கு நடுவில்தான் பார்த்தேன்.

மண்டியில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது மகள் சொன்னாள், "அம்மா, நீ ஜன்னல்கிட்ட உக்காரு. நான் நடுவுல வர்றேன்." பதினான்கு வயது. அவள் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இடத்தை நான் வாங்கிக்கொண்டிருந்தால் நடுவிருக்கை ஒரு பெண்ணிடமிருந்து அடுத்த பெண்ணுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். மகனைப் பின்னால் போகச் சொன்னேன். கால் இடிக்கும் என்றான். "சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்றார் கணவர். சின்ன விஷயம்தான். அப்படியானால் அதை அவரே அரை நிமிடத்தில் முடித்திருக்கலாமே.

மகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். நான் முன்னால் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. "அம்மா, தண்ணி பாட்டில் எங்க?" பாட்டில் அவன் காலடியில் இருந்தது.

இருக்கையை மாற்றிவிடலாம், இதை என்ன செய்வது? 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் கொடுத்தார்கள். அதே வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். பாட்டில் எங்கே, மாத்திரை எதில், குல்லா எத்தனை என்பதையெல்லாம் மனதில் வைத்திருப்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அது வேறு வேலைகளுக்கு அடியில், மலை பார்க்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுக்காகவே உழைக்கிறோம் என்றார் அரிஸ்டாட்டில். கிரேக்க மொழியில் ஓய்வைக் குறிக்கும் 'ஸ்கோலே' என்ற சொல்லிலிருந்துதான் 'ஸ்கூல்' வந்தது. சிந்திக்கக் கிடைத்த நேரம் என்று பொருள் விரிகிறது. அந்த நேரம் வாய்த்த குடிமகனின் வீட்டில் பெண்களும் அடிமைகளும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அரிஸ்டாட்டில் அதை மறைக்கவில்லை, இயற்கையே அப்படி என்று எழுதினார். நம் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "உனக்காகத்தானே வந்தோம்" என்கிறார்கள். எனக்கு இது அதைவிடச் சங்கடமானது. பரிசாக வந்த ஓய்வில் களைப்பாக இருந்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுகிறோம். பணமும் காரும் அறையும் ஒருவர் இன்னொருவருக்குத் தரலாம். ஓய்வைத் தர வேண்டுமானால், அவளைத் தேடி வருகிற கேள்விகளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும்.

மணிகரணில் சில ஊற்றுகளின் நீர் கொதிநிலையை நெருங்கும் சூடு. அரிசியையும் பருப்பையும் பாத்திரங்களில் போட்டு அதிலேயே இறக்கி வைத்து வேக வைக்கிறார்கள். குருநானக்கோடு வந்த மர்தானாவுக்குப் பசி எடுத்தது, மாவு இருந்தது, நெருப்பு இல்லை. ஒரு கல்லைப் புரட்டியதும் வெந்நீர் வந்தது, போட்ட சப்பாத்திகள் முதலில் மூழ்கின, பிறகு வெந்து மிதந்தன என்பது சீக்கியர்களின் ஐதீகம். (பெண் துணைக்கு வராத பயணத்தில் சாப்பாட்டுக்கு அற்புதம் தேவைப்படுகிறது.)

அங்குள்ள குருத்வாராவின் லங்கரில் சாப்பிட்ட பிறகு என் கணவர் தலையில் துணி கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் தட்டு கழுவினார். முகத்தில் நிறைவு. அந்த நிறைவு உண்மையானது, கேலி செய்ய மனம் வரவில்லை. ஆனால் அங்கே அதற்குச் சேவை என்று பெயர், எங்கள் வீட்டுத் தொட்டியில் வேலை என்று பெயர். தட்டு ஒன்றுதான். கடவுளுக்காகச் செய்வதால் வந்த வேறுபாடு என்பார்கள். எனக்குத் தெரிந்த காரணம் எளிமையானது. அவர் கையை உதறிவிட்டுக் கிளம்பினால் அந்த இடத்தில் இன்னொரு கை வரும். அந்தத் தட்டு அவர் பெயரைச் சொல்லிக் காத்திருக்காது. வீட்டில் நான் வைத்துவிட்டுப் போன தட்டு நான் வரும்வரை அப்படியே இருக்கும். எத்தனை தட்டு என்பது ஒரு பொருட்டே இல்லை. "நான் இல்லாவிட்டால் யார்?" என்ற கேள்விக்கு லங்கரில் பதில் இருக்கிறது.

குளிக்கும் இடத்தில் பெண்களுக்குச் சுவர் எழுப்பிய தனி அறை. பெண்ணுடம்பை மறைக்கக் கட்டிய சுவர், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளே ஆவி. பல ஊர்ப் பெண்கள், யாரும் யாருக்கும் தெரிந்தவர்கள் இல்லை. அத்தை புடவையோடு கழுத்தளவு நீரில் இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "அம்மா, என் துண்டு எந்தப் பையில இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அத்தை தண்ணீருக்குள்ளேயே என் மணிக்கட்டைப் பிடித்தார். "செத்த நேரம் சத்தங்காட்டாம இரு," என்றார், கண்ணைத் திறக்காமல்.