அறிதலும் ஓர் அமானிதமே

வரக்கூடிய நோயை முன்கூட்டி அறிய முற்படுவது இறைவிதியில் தலையிடுவதாகுமா? அறிந்த ஒருத்தி அதனை உடன்பிறந்தாளிடம் மறைப்பது முறையாகுமா? மருத்துவம் இன்று நம்முன் வைக்கும் வினாக்கள் இவை.

உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகாவண்ணம் காவல் புரியும் மரபணுக்கள் நம் உடலில் உள்ளன. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக அவை இரட்டையாய் அமைந்துள்ளன. ஒன்று பழுதுற்றால் மற்றது காக்கும். இரண்டும் பழுதுற்றாலோ புற்று தலைதூக்க வழி பிறக்கும். குழந்தைகளின் கண்ணில் தோன்றும் புற்றை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் இக்கருத்துக்கு அடிகோலினார். சில குடும்பங்களைத் தொடரும் மார்பகப் புற்றுக்குக் காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளதென மேரி-கிளேர் கிங் 1990இல் காட்டினார். பி.ஆர்.சி.ஏ. 1 எனப்படும் அது 1994இல் பிரித்தறியப்பட்டது. இன்று அதன் பழுதைக் கண்டறியச் சிறிதளவு குருதியே போதும்.

பழுதுடைய பெண்கள் அனைவரும் நோயுறுவதில்லை. 80 வயதிற்குள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேர் நோயுறக்கூடும் என்பது 2017இல் வெளியான ஆய்வின் கணிப்பு. ஆகவே சோதனை உரைப்பது விதியை அன்று, எச்சரிக்கையையே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்த நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர்க்கு, எச்சரிக்கை பெற்று உடலைக் காப்பது தவக்குலுக்கு முரணாகாது.

இரண்டாம் வினாவே கடினமானது. ஒருத்தியின் குருதி அவளைப்பற்றி மட்டும் பேசுவதில்லை. பெற்றோரிடமிருந்து வந்த பழுது உடன்பிறந்தாளிடமும் இருக்கச் சரிபாதி வாய்ப்புண்டு. ஆனால், செய்தி ஊரில் பரவினால் தங்கையின் குமர் காரியம் தடைப்படுமே என வீட்டார் அஞ்சுகின்றனர். “உம்மா வழி வந்த கேடு” என்று பழிப்பாரும் உளர். அப்பழுது தந்தை வழியாகவும் மகளை அடையும் என்பதை அவர்கள் அறியார். அஞ்சி மூடிய வாயால் தங்கையின் மணம் தடைப்படாதிருக்கலாம். அவளுடைய உயிர்க்கு யார் பொறுப்பு?

அமானிதம் என்பது உரியவரிடம் ஒப்படைப்பது. உரிமையற்றோரிடமிருந்து காப்பதும் அதுவே. இச்செய்தியில் ஊருக்கு உரிமை இல்லை, உடன்பிறந்தாளுக்கு உண்டு. அவளைத் தனியே அமர்த்தி, அறிய விருப்பமா எனக் கேட்டு, விரும்பினால் கனிவுடன் உரைப்பதே கடன். சோதித்துக் கொள்வதும் கொள்ளாததும் அவள் முடிவு. அம்முடிவை எடுக்கும் வாய்ப்பையே அவளிடமிருந்து பறிக்கும் மௌனம், கண்ணியத்தின் போர்வையில் செய்யும் மோசடியன்றோ?