கடையில் இருந்தால்தான் சட்டியில் வரும்

 

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். சட்டிக்குள் வருவதோ நம் கடையிலிருந்துதான். வீட்டில் ஆணம் ருசிக்கவில்லையென்றால் சமைத்த பெண்மணியைக் குறை சொல்கிறோம். மணம் போன மல்லித்தூளை நான்கு கரண்டி போட்டாலும், புதிதாய் வறுத்து அரைத்த ஒரு கரண்டிக்கு ஈடாகுமா? மசாலாவின் மணம் அதன் எண்ணெயில் இருக்கிறது. அரைத்தபின் அது காற்றில் கலந்து போகும். செனாய் போன்ற ஈரப்பதமான ஊரில் மூடாத தூள் கட்டிபிடித்துப் பூஞ்சணமும் பூக்கும்.

அல்லாஹுத்தஆலா திருமறையில் ஹலாலானதை மட்டுமல்ல, தய்யிபானதையும், அதாவது நல்லதும் தூயதுமானதையும் உண்ணும்படி பணித்துள்ளான். ஹலாலைத் தேடும் நாம் தய்யிபை மறக்கலாமா?

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டதென்றார் வியாபாரி. ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி உள்ளது. யோசித்துப் பாருங்கள்! நனைந்ததை விற்கவே கூடாதென்று அவர்கள் கூறவில்லை, மறைக்காதே என்றார்கள்.

மறைத்தால் என்னவாகும் என்பதற்கு நம் காலத்துச் சாட்சி வங்காளதேசம். 1980களில் அங்கே பெருவெள்ளத்தில் மஞ்சள் நனைந்து நிறம் மங்கியது. பளபளப்பான மஞ்சளையே வாங்குவோர் கேட்டதால், சிலர் ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசினர். அது வழக்கமாகிவிட்டது. ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். 2019இல் சந்தையில் சோதித்த மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் ஈயம் இருந்தது. அரசாங்கம் அபராதம் விதித்து, வியாபாரிகளுக்கும் ஜனங்களுக்கும் எடுத்துரைத்தது. 2021இல் சோதித்த மாதிரிகளில் அது இல்லை. பல்லாண்டுக் கேடு, மனம் வைத்ததும் இரண்டே ஆண்டில் நீங்கிற்று!

மலேசியாவின் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் கலப்படத்தைக் குற்றமென்கிறது. ஆனால் அதிகாரி பார்க்காத மூட்டையையும் அல்லாஹ் பார்க்கிறான்.

மலிவாய்க் கேட்கிறார்களே, என்ன செய்வது என்பீர்கள். மலிவையும் விற்கலாம், அதன் பெயரைச் சொல்லி. உடைந்த ஏலத்தை உடைந்ததென்றே சொல்லி விலையைக் குறையுங்கள். பழைய சரக்கைப் புதியதோடு கலக்காதீர்கள். மல்லி, மிளகாயை முழுதாய் வைத்து, விற்கும் அளவுக்கே அரையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் எந்த விலைக்கும் விற்காமல் எறிந்துவிடுங்கள். வாங்குபவர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கட்டும்.

தொழிற்சாலை வேலை முடிந்து ஐந்து வெள்ளிக்கு மசாலா வாங்கிப் போகிறவர், அதைத் தம் பிள்ளைகளுக்குத்தான் ஊட்டுகிறார். அந்த வீட்டார் வயிறார உண்டு மனமார துஆச் செய்தால், அதைவிட நம் கல்லாவுக்கு வேறு பரக்கத் ஏது?

நம் தராசையும் நம் சரக்கையும் அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.